முத்துக் கடலும் மெய்ப்பொருள் நூலும்

இராமநாதபுரத்திலிருந்து தெற்கு நோக்கிச் சென்று, கீழக்கரைக்குக் கிழக்கே கடலோரமாய் அமைந்துள்ள பெரியபட்டினத்தை நான் அடைந்தபொழுது வெயில் ஏறிவிட்டது. ஊரின் பெயரில் பெருமை இருக்கிறது; தோற்றத்தில் அத்துணைப் பெருமை உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பனைகளும் மணற்பரப்பும் பள்ளிவாசலும் கரையேற்றிய படகுகளுமாய், மன்னார்க் கடலைப் பார்த்தபடி அவ்வூர் அமைதியாக இருக்கிறது. என்னை உடன் அழைத்துச் சென்ற பெரியவர் ஒருவர், ஓரிடத்தில் நின்று காலால் மணலைக் கிளறினார். பச்சை மெருகு பூசிய ஓட்டுத் துண்டொன்று வெளிப்பட்டது. “மழை பெய்தால் இன்னும் நிறைய மேலே வரும், தம்பி. சின்ன வயதில் நாங்கள் இதைத்தான் சில்லாக வைத்து ஆடுவோம்” என்றார். சீன தேசத்தில் வனைந்து, கப்பலேறி வந்த பாண்டத்தின் துண்டு அது. 1987ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கு அகழ்ந்து பார்த்தபொழுது இத்தகைய சீன ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன.

இடைக்காலக் கிறித்தவ மெய்ப்பொருளியலுக்கும் இறையியலுக்கும் உள்ள உறவைக் குறித்துப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டனர். அத்தலைப்பை எடுத்துக்கொண்டு இந்த மணல்மேட்டில் ஏன் தொடங்குகிறேன் என்று நேயர்கள் வியக்கலாம். பாரிஸ் நகரத்துப் பள்ளிகளையும் கொலோன் நகரத்து மடங்களையும் அல்லவா பேச வேண்டும் என்று நானும் முதலில் எண்ணினேன். என் எண்ணத்தை மாற்றியது இவ்வூர்க் கல் ஒன்று.

திருப்புல்லாணிக் கோயிற் கல்வெட்டுகளில் பவித்திரமாணிக்கப்பட்டினம் என்றொரு துறைமுகம் பேசப்படுகிறது. அங்கிருந்த பிழார்ப்பள்ளி என்னும் இசுலாமியர் தொழுகைப் பள்ளிக்குப் பாண்டிய மன்னன் நிலம் விட்ட செய்தியும் பெருமாள் கோயிற் சுவரிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பவித்திரமாணிக்கப்பட்டினமே இன்றைய பெரியபட்டினம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். இபின் பதூதா 14ஆம் நூற்றாண்டில் கண்டு வியந்த ‘பத்தன்’ என்னும் துறையும் இதுவே என்பார் உளர். இவ்வூரில் எபிரேய எழுத்துப் பொறித்த கல்லறைக் கல் ஒன்றும் கிடைத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டினது என்று கணிக்கப்பெற்ற அக்கல்லில் மரியம் என்னும் பெயர் காணப்படுகிறது. முத்தும் மணியும் வாங்க வந்த யூத வணிகர் இக்கரையில் குடும்பத்தோடு வாழ்ந்து, இங்கேயே மண்ணாயினர் என்பதற்கு அக்கல் சான்று.

யூத வணிகருக்கும் கிறித்தவ மெய்ப்பொருளியலுக்கும் என்ன தொடர்பு? மிக நெருங்கிய தொடர்பு உண்டு.

எகிப்து நாட்டில் பழைய கெய்ரோவில் வாழ்ந்தவர் மைமோனிடிஸ் என்னும் யூதப் பேரறிஞர். ஸ்பெயின் நாட்டுக் கார்டோபா நகரில் பிறந்து, சமயக் கொடுமைக்கு அஞ்சி ஊர்விட்டு ஊர் பெயர்ந்து எகிப்தை அடைந்தவர். அவருக்குத் தாவீது என்றொரு தம்பி இருந்தார். அண்ணன் ஏடும் எழுத்தாணியுமாய் இருக்க, தம்பி மணி வாணிகம் செய்து வீட்டைக் காத்தார். 1170ஆம் ஆண்டையொட்டித் தாவீது பாலைவனத்தைக் கடந்து செங்கடற் கரையிலுள்ள ஐதாபு துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினார். துறையில் அவுரிச் சாயத்தைத் தவிர வாங்கத்தக்க சரக்கு ஒன்றும் இல்லை. ஆதலால் இந்தியாவுக்கே கப்பலேறத் துணிந்துவிட்டேன் என்பது அக்கடிதத்தின் செய்தி. பழைய யூதத் தொழுகைக்கூடமொன்றின் ஏட்டறையில் எழுநூறு ஆண்டுகள் கிடந்த அக்கடிதம் இப்பொழுது கேம்பிரிட்ஜ் நகரில் இருக்கிறது.

தாவீது திரும்பவில்லை. இந்தியக் கடலில் கப்பலோடு மூழ்கினார். அவரோடு அண்ணனுடைய பொருளும் பிறர் பொருளும் மூழ்கின. ஓராண்டுக் காலம் தாம் நோயுற்றுப் படுக்கையில் கிடந்ததாகவும், ஆண்டுகள் பல சென்ற பின்னும் தம்பியின் கையெழுத்தைக் காணுந்தோறும் துயரம் மீண்டும் கிளர்வதாகவும் மைமோனிடிஸ் பின்னாளில் ஒரு நண்பருக்கு எழுதினார். பொருள் போயிற்று, ஆதலின் அவர் மருத்துவத் தொழிலை மேற்கொண்டார். நோயாளர்களுக்கு இடையே கிடைத்த ஓய்வில், 1190ஆம் ஆண்டையொட்டி, அரபு மொழியில் எபிரேய எழுத்தால் ஒரு நூலை முடித்தார். அறிவு நூல் பயின்று, அதனால் வேதத்தில் ஐயுற்று, இரண்டில் எதையும் கைவிட மனமின்றித் தவிக்கும் மாணாக்கனுக்கு வழிகாட்டுவது அந்நூலின் நோக்கம். திகைத்தோர் வழிகாட்டி என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1232ஆம் ஆண்டையொட்டி வட பிரான்சின் யூத குருமார் சிலர் அந்நூலைத் தடை செய்தனர். அதற்குள்ளும் அதன் பின்னுமாக அது இலத்தீன் மொழியிலும் பெயர்க்கப்பட்டு, கிறித்தவ மடங்களின் நூலகங்களுக்குள் நுழைந்துவிட்டது.

அம்மடங்களில் அப்பொழுது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சுருங்கச் சொல்கிறேன். நெடுங்காலம் ஐரோப்பியர் அரிஸ்டாட்டிலின் தருக்க நூல்களை மட்டுமே அறிந்திருந்தனர். அவருடைய இயற்கை நூலும் உயிர் நூலும் மெய்ப்பொருள் நூலும், அரபு அறிஞர்களான இபின் சீனா, இபின் ருஷ்த் ஆகியோரின் உரைகளோடு, 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இலத்தீனுக்கு வந்தன. வந்த விருந்தினர் எளியவர் அல்லர். உலகிற்குத் தொடக்கமே இல்லை என்றார் அரிஸ்டாட்டில். தொடக்கத்தில் இறைவன் உலகைப் படைத்தான் என்றது வேதம். அறிவு ஒன்று சொல்ல, அருள்நூல் மற்றொன்று சொன்னால் மாணவன் எதை நம்புவது? மெய்ப்பொருளியல் இறையியலின் பணிப்பெண் என்று 11ஆம் நூற்றாண்டிலேயே பீட்டர் டாமியன் என்னும் துறவி சொல்லி வைத்திருந்தார். பணிப்பெண் வாயைத் திறந்து எசமானியை மறுத்துப் பேசத் தொடங்கியதே 13ஆம் நூற்றாண்டின் இக்கட்டு.

இந்நிலையில் எழுந்தவர் சாமிநாதர் சபைத் துறவியாகிய தாமஸ் அக்வினாஸ். 1225ஆம் ஆண்டளவில் இத்தாலியில் பிறந்து, 1274இல் மறைந்தவர். அவர் மைமோனிடிஸை ‘ரபி மோசே’ என்று மதிப்போடு குறிப்பிடுகிறார். உலகிற்குத் தொடக்கம் உண்டென்று தருக்கத்தால் நிறுவ முடியாது, இல்லையென்றும் நிறுவ முடியாது என்று யூத ஆசிரியர் காட்டிய வழியிலேயே அக்வினாசும் நடந்தார். இறைவன் உண்டு, அவன் ஒருவன் என்பவை அறிவுக்கு எட்டுவன. அவற்றை எவரோடும் வாதிட்டு நிறுவலாம். திரித்துவம் முதலியவை அருள்நூலால் மட்டுமே அறியத்தக்கன. அவற்றிற்கு மாறாகக் கூறப்படும் தடைகளை நீக்கலாமேயன்றி அவற்றை நிறுவ இயலாது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வருவன ஆதலால், உண்மையில் ஒன்றோடொன்று மோதமாட்டா. இதுவே அவர் இட்ட எல்லைக்கோடு. அவருடைய இறையியல் தொகுப்பு நூலின் முதல் வினாவே, மெய்ப்பொருள் நூல்கள் இருக்கும்பொழுது வேறொரு நூலும் வேண்டுமோ என்பதுதான்!

இவ்விடத்தில் ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதே 13ஆம் நூற்றாண்டில் நம் நாட்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தைச் செய்கிறார். உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் காட்டி, அதற்கொரு முதல்வன் உண்டென்று கருதலளவையால் நிறுவுகிறார். அவர் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளை ஆராய்ந்து, பிற சமயத்தாரோடு வழக்காடுகிறார். எதிரி நம் ஆகமத்தை ஏற்காதவன் என்றால் காட்சியும் கருதலுமே அவனோடு பேசும் மொழி. பொது வேதம் இல்லாதவரிடத்து இயற்கை அறிவையே துணைக்கொள்ள வேண்டும் என்று அக்வினாசும் எழுதினார். ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒரே வழக்குமன்ற முறையை வகுத்தது எனக்குப் பெரிய வியப்பைத் தருகிறது. ஆயினும் இருவரும் கண்ட முடிபு ஒன்றே என்று சொல்லிவிடுதல் தவறு. உயிர் படைக்கப்பட்டது என்பார் அக்வினாஸ், உயிருக்குத் தொடக்கமே இல்லை என்பார் நம் ஆசிரியர்.

அக்வினாஸ் இட்ட எல்லைக்கோட்டை அவர் ஊரார் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. 1277ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள், அதாவது அவர் இறந்து சரியாக மூன்றாண்டு நிறைந்த அதே நாளில், பாரிஸ் மேற்றிராணியார் 219 கருத்துகளைத் தவறென்று அறிவித்தார். அக்வினாசின் கருத்துகள் சிலவும் அத்தடைக்குள் அகப்பட்டன. பின்னர்க் காற்று மாறியது. 1323இல் இருபத்திரண்டாம் யோவான் பாப்பரசர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்; 1325இல் பாரிஸ் தடையும் அவரளவில் நீக்கப்பட்டது.

இனி நம் கடற்கரைக்கு மீளுவோம். 1291ஆம் ஆண்டில் மாந்தகொர்வீனோ ஊரினரான யோவான் என்னும் பிரான்சிஸ்கு சபைத் துறவி, சீனம் செல்லும் வழியில் சோழமண்டலக் கரையில் இறங்கினார். அராபியர் மாபார் என்றழைத்த நாடு இது. பதின்மூன்று திங்கள் இங்குத் தங்கினார். அவரோடு வந்தவர் பிஸ்தோயா நகரத்து நிக்கோலாஸ். சாமிநாதர் சபையினர், அதாவது அக்வினாசின் சபைத் தம்பியர். நிக்கோலாஸ் இங்கேயே இறந்தார்; மயிலாப்பூர்த் தோமையார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார். அக்வினாஸ் மறைந்து இருபது ஆண்டுகூட நிறையவில்லை.

1329இல், அக்வினாசைப் புனிதராக்கிய அதே யோவான் பாப்பரசர், அதே சபையைச் சேர்ந்த ஜோர்தானுஸ் என்பவரைக் கொல்லத்திற்கு மேற்றிராணியாராக அமர்த்தினார். இவர் நம் நாட்டின் அற்புதங்களைப் பற்றி எழுதிய சிறு நூலில், முத்துக் குளிப்புக் காலத்தில் எண்ணாயிரத்திற்கு மேற்பட்ட படகுகள் மூன்று திங்கள் கடலில் நிற்கும் என்று குறிக்கிறார். எண்ணிக்கையில் சற்று மிகை இருக்கலாம்; முத்தைக் கண்டவர்களின் கணக்கு எப்பொழுதும் அப்படித்தான்.

ஆயினும் இத்துறவியர் தமிழில் வாதிட்டுத் தம் மெய்ப்பொருளை நாட்டியவர் அல்லர். அதற்கு இன்னும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது. 1549இல் இக்கரையிலேயே, மண்டபத்திற்கு அருகிலுள்ள வேதாளையில் அந்தோணி கிரிமினாலி என்னும் சேசு சபைக் குரு கொல்லப்பட்டார். அவருக்குப் பின் முத்துக்குளித்துறையின் பொறுப்பை ஏற்றவர் அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர் அழைத்த என்றீக்கே என்றீக்கஸ். இவர் போர்த்துகீசியர், ஆனால் யூத மரபில் வந்த குடும்பத்தினர். அம்மரபு காரணமாகவே முன்பு சேர்ந்திருந்த சபையொன்றிலிருந்து வெளியேற நேர்ந்தவர். தமிழை முறையாகக் கற்று, 1578இல் கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கத்தையும், 1586இல் அடியார் வரலாற்றையும் தமிழில் தந்து, 1600இல் புன்னைக்காயலில் மறைந்தார். எபிரேயக் கல்லறை இருந்த கரைக்கு யூத வழித்தோன்றல் ஒருவர் கிறித்தவக் குருவாக வந்து தமிழ் எழுதியதை என்னவென்று சொல்வது!

கடவுளைத் தமிழில் எப்பெயரால் அழைப்பது என்ற வினா அவருக்கு எழுந்தது. ‘தம்பிரான்’ என்றார். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி அதை விடுத்துச் ‘சருவேசுரன்’ என்றார். இது வெறும் சொல்லாராய்ச்சி என்று எண்ணற்க. இறைவனைப் பற்றி ‘அவன் இன்னதல்லன்’ என்று மறுத்துரைக்கலாமேயன்றி, ‘இன்னவன்’ என்று எச்சொல்லாலும் உரைக்கலாகாது என்றார் மைமோனிடிஸ். அங்ஙனமாயின் வழிபடுவோன் வாயடைத்துப் போவான். நல்லவன், அறிவன் என்னும் மனிதச் சொற்கள் இறைவனுக்கு முழுதும் பொருந்தாவிடினும் ஒப்புமை வகையால் மெய்யாகவே பொருந்தும் என்று மறுத்தார் அக்வினாஸ். ரோமாபுரியில் அக்வினாசின் நெறியைப் பயின்றவர் நோபிலியார். பழஞ்சொல்லில் புதுப்பொருளை ஏற்றலாம் என்ற அவர் துணிவுக்கு அவ்வொப்புமைக் கொள்கை வேர் என்பது என் கருத்து. கோவில், பூசை, குரு, வேதம் ஆகிய சொற்கள் கிறித்தவர் வழக்கில் நிலைபெற்றதும் அவர் வழியாகவே. அவருடைய ஆத்தும நிருணயத்தில் அரிஸ்டாட்டிலின் உயிர்க் கொள்கை தமிழ் பேசுகிறது.

ஆனால் எல்லைக்கோடு இந்நாட்டுக்கு வந்தபொழுது வேறொரு பயனையும் விளைத்தது. அறிவின் துறை வேறு, அருளின் துறை வேறு என்று பிரித்த பழக்கத்தால், உலகியல் வழக்கம் வேறு, சமயம் வேறு என்றும் நோபிலியார் பிரித்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் குலத்தின் அடையாளங்கள், சமயத்தின் அடையாளங்கள் அல்ல என்று வாதிட்டார். 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் அதற்கு இசைந்தார். அவ்வாதத்தின் நுட்பத்தை நான் மதிக்கிறேன். அதன் விளைவை மதிக்க இயலவில்லை. குலவழக்கம் சமயத்திற்குப் புறம்பானது என்று ஒதுக்கியதால், சாதி வேற்றுமை கேள்வியின்றிக் கோயிலுக்குள் புகுந்தது. 1640 முதல் தாழ்த்தப்பட்டோருக்கெனப் பண்டாரசுவாமிகள் என்னும் தனிக் குருமார் அமைந்தனர். மெய்ப்பொருளாசிரியன் ஏட்டில் இழுத்த கோடு ஊருக்குள் சுவராக எழுந்துவிட்டது.

நோபிலியார் முதுமையில் கண்ணொளி குன்றி, 1656இல் மயிலாப்பூரில் உயிர்நீத்தார். முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் பிஸ்தோயா நிக்கோலாசை அடக்கம் செய்ததும் அவ்வூரிலேதான்.

பெரியவர் கொடுத்த பச்சை ஓட்டை நான் எடுத்து வரவில்லை. கிளறிய இடத்திலேயே இட்டுவிட்டேன். அவர் அதன்மேல் காலால் மணலைத் தள்ளி மூடினார்.