மூவர் அளித்த பொற்கடிகாரம்

இங்கிலாந்து நாட்டில் டிவைசிஸ் நகரத்து ஏல நிலையமொன்று 2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பழைய பொற்கடிகாரம் ஒன்றை ஏலத்தில் விட்டது. அது சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. நியூயார்க்கில் பெயர்பெற்ற டிஃபனி நிறுவனத்தார் 18 காரட் பொன்னில் செய்தது. அமெரிக்க நாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் 15 லட்சத்து 60 ஆயிரம் பவுன் கொடுத்து அதனைப் பெற்றார். டைட்டானிக் கப்பலோடு தொடர்புடைய நினைவுப்பொருள் எதுவும் அதுவரை அத்துணை விலைக்குப் போனதில்லை. அதிலுள்ள பொன்னை உருக்கி நிறுத்தால் அவ்விலையில் நூற்றில் ஒரு பங்கும் தேறாது. விலையெல்லாம் அதில் பொறித்துள்ள சில வரிகளுக்கே.

கடிகாரத்தைக் கொடுத்தவர் மூவர். பெற்றவர் காப்டன் ஆர்தர் ரோஸ்ட்ரன். கொடுத்த மூவரும் பெருஞ்செல்வக் குடும்பத்துப் பெண்மணிகள். ஒரே இரவில் கணவரை இழந்தவர்கள். பெற்றவரோ அக்கணவன்மாரைக் காப்பாற்ற இயலாதவர். அவருடைய கப்பல் வந்து சேருமுன்பே டைட்டானிக் மூழ்கிவிட்டது. காலம் கடந்து வந்தவருக்குக் காலம் காட்டும் கருவியைப் பரிசளிப்பதா என்று அன்பர்கள் வியக்கலாம். ஆதலின் அவ்விரவில் நிகழ்ந்ததைச் சற்று விரித்தே கூறுதல் வேண்டும்.

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதிற்று. அப்பொழுது குனார்டு நிறுவனத்தின் கார்ப்பேதியா என்னும் கப்பல் நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக் கடல் நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதில் கம்பியில்லாத் தந்தியைக் கவனித்துவந்தவர் ஹெரால்டு காட்டம் என்னும் இளைஞர் ஒருவரே. அவர் உறங்கப் போகும் வேளை. காதில் மாட்டிய கருவியை மட்டும் இன்னும் கழற்றவில்லை. அச்சிறு தாமதத்தால்தான் அபயக்குரல் கார்ப்பேதியாவை எட்டியது. இதைவிட அருகில் கலிபோர்னியன் என்னும் வேறொரு கப்பல் நின்றிருந்தது. அதன் தந்தியாளர் அதற்குள் உறங்கிவிட்டார்.

நள்ளிரவு கடந்து ஏறத்தாழ அரைமணி ஆகியிருந்தது. படுக்கையிலிருந்த ரோஸ்ட்ரனிடம் காட்டம் ஓடிவந்து செய்தி கூறினார். கப்பலைத் திருப்புக என்று முதலில் ஆணையிட்டார் ரோஸ்ட்ரன்; செய்தி உண்மைதானா என்று வினவியது அதற்குப் பின்புதான். இந்த முன்பின் முறையை யான் பெரிதாகக் கருதுகிறேன். தீர விசாரித்தபின் உதவலாம் என்பாரே உலகில் மிகுதி.

தந்தி கூறிய இடம் 58 கடல் மைல் தொலைவிலிருந்தது. கப்பலின் வழக்கமான வேகமோ மணிக்கு 14 கடல் மைல். நீராவி முழுவதும் இயந்திரத்திற்கே செல்லவேண்டுமென அறைகளுக்குச் சூடளிக்கும் குழாய்களையும் வெந்நீரையும் நிறுத்தினார் காப்டன். ஓய்விலிருந்தவர்களையும் எழுப்பிக் கொதிகலன்களுக்குக் கரி தள்ளச் செய்தார். உணவுக்கூடங்கள் மூன்றும் மருத்துவ விடுதிகளாயின. ஆங்கிலேயர், இத்தாலியர், அங்கேரியர் ஆகிய மருத்துவர் மூவரும் கூடத்துக்கு ஒருவராக நின்றனர். சூப்பும் காப்பியும் அடுப்பேறின, கம்பளிகள் குவிக்கப்பட்டன. கப்பற்பக்கத்துக் கதவுகளைத் திறந்து விளக்குகளைத் தொங்கவிட்டனர். ஏணியேற இயலாதவர்க்குக் கயிற்றில் கட்டிய நாற்காலிகள். குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளச் சாம்பல் அள்ளும் கித்தான் பைகள். அலையை அடக்கக் கடலில் ஊற்றுதற்கு எண்ணெய். இவையனைத்தும் நடுநிசியில், உறங்கும் பயணிகளை எழுப்பாமல், சில நாழிகைக்குள் செய்து முடிக்கப்பட்டன. அப்போது அவருக்கு வயது 42.

அவருக்கிருந்த இடர் சிறியதன்று. தம் கப்பலிலும் பயணிகள் எழுநூற்றுவர்க்கு மேற்பட்டோர் இருந்தனர். டைட்டானிக்கை மாய்த்த அதே பனிப்பாறைகளின் நடுவே, நிலவில்லாத இருளில், முழு வேகத்துடன் செல்லவேண்டியிருந்தது. கண்காணிப்போரை மிகுதியாக நிறுத்தினார். இருளில் தோன்றிய பாறைகளை ஒவ்வொன்றாக விலக்கிச் செலுத்தினார். இடையே தொப்பியைச் சற்றே உயர்த்தி, உதடுகள் மட்டும் அசையப் பிரார்த்தித்ததை உடனிருந்த அதிகாரி ஒருவர் பின்னாளில் எழுதிவைத்தார். பொழுது விடிந்து, தாம் கடந்துவந்த பனிக்கட்டிகளைக் கண்டபோது ரோஸ்ட்ரனின் உடல் நடுங்கிற்று. அன்றிரவு சுக்கானைப் பற்றியிருந்தது தம் கையன்று, வேறொரு கை என்று அவர் கூறினார்.

இக்கூற்றுக்கு இன்னொரு பொருளும் பின்னர்ப் புலப்பட்டது. 1985-ஆம் ஆண்டில் டைட்டானிக்கின் சிதைவுகள் கடலடியில் கண்டறியப்பட்டன. அவை கிடந்த இடத்திற்கும் தந்தியில் கூறிய இடத்திற்கும் ஏறக்குறைய 13 கடல் மைல் வேறுபாடு. கணக்குப் பிழைபட்டிருந்தது! எனினும் கார்ப்பேதியா தென்கிழக்கிலிருந்து வந்தமையால், படகுகள் அதன் வழியிலேயே எதிர்ப்பட்டன. வழிகாட்டிய பச்சை வெளிச்சத்தைப் படகொன்றிலிருந்து எரித்தவர் பாக்ஸால் என்னும் அதிகாரி. பிழையான கணக்கைப் போட்டவரும் அவரே என்பது வரலாற்றின் விந்தை.

டைட்டானிக் மூழ்கியது அதிகாலை 2.20 மணிக்கு. கார்ப்பேதியா சேர்ந்தது ஏறத்தாழ 4 மணிக்கு. எழுநூற்றுவர்க்கு மேற்பட்டோர் கப்பலேறினர். 1,500 பேர் அளவில் மாண்டனர். நம் கடிகாரத்துக்குரிய மூன்று பெண்மணிகளும் 4-ஆம் எண் படகில் ஒன்றாக வந்தவர்கள். அப்படகில் துடுப்பு வலிக்க ஆடவர் போதாமையால் பெண்டிரும் வலித்தனர். நீரிலிருந்து சிலரை ஏற்றியும் கொண்டனர். திருமதி ஆஸ்டருக்கு வயது 18, கருவுற்றிருந்தார். திருமதி வைடனர் கணவரோடு மகனையும் இழந்தார். அம்மகன் நினைவாகவே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பெரிய நூலகம் எழுப்பினார். திருமதி தேயரின் 17 வயது மகன் மட்டும் கவிழ்ந்த படகொன்றைப் பற்றிப் பிழைத்து, கார்ப்பேதியாவில் தாயைக் கண்டான்.

மீட்பு முடிந்ததும் ரோஸ்ட்ரன் கப்பலில் வழிபாடு ஒன்றை நடத்துவித்தார். பிழைத்தவர் பொருட்டு நன்றியும், மாண்டவர் பொருட்டு நீத்தார் வேண்டுதலும் ஒரே வழிபாட்டில் அமைந்தன. ஏப்ரல் 18-ஆம் நாள் மாலை கப்பல் நியூயார்க்கை அடைந்தது.

பின்னர் சிறப்புகள் வந்தன: பிழைத்தோர் அளித்த வெள்ளிக் கிண்ணம், அமெரிக்கச் சட்டசபையின் பொற்பதக்கம், 1926-இல் சர் பட்டம். இவற்றின் விரிவு ஈண்டு வேண்டா. கடிகாரம் மட்டும் ஐந்தாம் அவென்யூவிலுள்ள ஆஸ்டர் மாளிகையில், ஒரு விருந்தின்போது கொடுக்கப்பட்டது. கார்ப்பேதியாவை 1918-இல் ஜெர்மானிய நீர்மூழ்கி அழித்தது. ரோஸ்ட்ரன் 1940-இல் மறைந்தார்.

ஆஸ்டரின் உடல் கடலில் கண்டெடுக்கப்பட்டபோது அவருடைய சொந்தப் பொற்கடிகாரமும் உடன் கிடைத்தது. அது 2024-ஆம் ஆண்டிலேயே, அதே ஏல நிலையத்தில், சில திங்கள் முன்னதாக விலைபோனது. டைட்டானிக்கில் மனைவியுடன் மாண்ட இசிடோர் ஸ்ட்ராஸ் என்பாரின் கடிகாரம் 2025-இல் ரோஸ்ட்ரன் கடிகாரத்தின் விலையையும் கடந்துவிட்டது. விலை இன்னும் ஏறும், இறங்கும். அது வணிகர் பாடு.

பொறிப்புக்கு வருவோம். டைட்டானிக்கிலிருந்து உயிர்தப்பிய மூவரின் உளமார்ந்த நன்றியும் பாராட்டும் அதில் கூறப்பட்டுள்ளன. ஏப்ரல் 15, 1912 என்பது நாள். கீழே பெயர்கள். அந்நாட்டில் அக்கால வழக்கப்படி மனைவியரைக் கணவர் பெயரால் எழுதினர். எனவே மேரியன், மாடலின், எலினார் என்ற அவர்களுடைய சொந்தப் பெயர்களை அங்குக் காணோம். திருமதி ஜான் பி. தேயர், திருமதி ஜான் ஜேக்கப் ஆஸ்டர், திருமதி ஜார்ஜ் டி. வைடனர் என்றே பொன்னில் எழுதியிருக்கிறது.