தாயக்கட்டை முதல் தொடுதிரை வரை: முதியோரும் வீடியோ விளையாட்டும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் செல்வோர் முட்டுக்காட்டைக் கடந்தே செல்ல வேண்டும். அங்குள்ள உப்பங்கழியும் படகுத் துறையும் பலருக்குத் தெரிந்தவை. அதே ஊரில் 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா என்னும் அருங்காட்சியகமும் உள்ளது. தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவந்து, அதே அமைப்பில் அங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். அவ்வீடுகளின் திண்ணைகளைக் காண்போருக்கு ஒரு கேள்வி எழக்கூடும். வெயில் தாழும் வரை இத்திண்ணைகளிலும் உள்முற்றங்களிலும் அமர்ந்திருந்த பெரியவர்கள் எவ்வாறு பொழுதைப் போக்கினார்கள்?

தாயம், பல்லாங்குழி, ஆடு புலி ஆட்டம் என்று விடை கூறலாம். பாட்டிமார் தாயம் உருட்டியதை யாரும் வியப்பாகக் கருதவில்லை. ஆனால் இன்று அறுபது வயது கடந்த ஒருவர் கைப்பேசியில் விளையாடினால், "இந்த வயதில் இது எதற்கு?" என்று வீட்டார் சிரிக்கின்றனர். மற்றொரு புறம், "இதை விளையாடினால் மறதி நோய் வராது" என்று விளம்பரங்கள் ஆசை காட்டுகின்றன. சிரிப்பதும் சரியா? ஆசை காட்டுவதும் சரியா? வீடியோ விளையாட்டின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு டென்னிஸ்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கே பணியாற்றிய வில்லியம் ஹிகின்போதம் என்ற இயற்பியலார், ஆய்வுக்கூடத்தைக் காண வரும் பொதுமக்கள் சலிப்படையாதிருக்க ஏதேனும் செய்ய வேண்டும் என்று எண்ணினார். 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் அவர் காட்சிக்கு வைத்ததே 'இருவர் டென்னிஸ்' என்னும் விளையாட்டு. அப்போது அவருக்கு வயது 47.

கல்லூரி ஆய்வகத்தில் நீங்கள் அலைவுகாட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் திரையில் எலக்ட்ரான் கற்றை மோதும் இடத்தில் ஒளிப்புள்ளி தோன்றும். ஹிகின்போதத்தின் திரையும் அத்தகையதே. ஐந்து அங்குல அகலம்தான். ஒப்புமைக் கணினி ஒன்று பந்தின் பாதையைக் கணக்கிட்டது. புவியீர்ப்பு முடுக்கத்தைத் தொகையிட்டால் திசைவேகம் கிடைக்கும். திசைவேகத்தைத் தொகையிட்டால் இடம் கிடைக்கும். நீங்கள் தாளில் செய்யும் அதே கணக்கை மின்சுற்றுகள் மின்னழுத்தங்களைக் கொண்டு செய்தன. தரை, வலை, பந்து மூன்றையும் ஒரே கற்றை மாறி மாறி விரைவாக வரைந்ததால், அவை ஒருசேர இருப்பதாகவே கண்ணுக்குத் தோன்றின. அடுத்த ஆண்டு பெரிய திரை வைத்து, நிலவிலும் வியாழனிலும் பந்து எவ்வாறு பறக்கும் என்பதையும் காட்டினார்கள். அதற்கு ஈர்ப்பின் அளவை மாற்றினால் போதும் அல்லவா?

இந்த விளையாட்டை ஆடுவதற்குப் பொதுமக்கள் வரிசையில் காத்து நின்றனர். ஹிகின்போதமோ இதற்குக் காப்புரிமை பெறவில்லை. இரண்டாண்டுக் காட்சிக்குப் பின் கருவியைப் பிரித்து, உறுப்புகளை வேறு பணிகளுக்கு எடுத்துக் கொண்டனர்.

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கருவியைப் படைத்தவர் ரால்ப் பேர் என்ற பொறியாளர். 1966-ஆம் ஆண்டு அவருக்கு இக்கருத்து உதித்தபோது வயது 44. அவரது கருவியே 1972-இல் 'ஒடிசி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு வந்த 'பாங்' விளையாட்டு, முதலில் கலிபோர்னியாவின் ஒரு மதுக்கூடத்தில்தான் வைக்கப்பட்டது. ஆக, தொடக்க கால வீடியோ விளையாட்டுகளைப் படைத்தவர்களிலும் ஆடியவர்களிலும் நடுவயதினர் இருந்தனர் என்பது தெளிவு.

பொம்மைக் கடைக்குச் சென்றது எப்படி?

பின்னர் இது சிறுவர்க்குரியது என்ற எண்ணம் எவ்வாறு வந்தது? அதற்குக் காரணம் வணிகமே. 1978-இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-இல் 'பேக்-மேன்' ஆகியவை இளைஞரைக் கூட்டம் கூட்டமாக விளையாட்டுக் கூடங்களுக்கு இழுத்தன. 1983-இல் அமெரிக்கச் சந்தையில் பெரும் சரிவு ஏற்பட்டது. அதன் பிறகு, 1985-இல் அங்கு நுழைந்த ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ, தன் கருவியைப் பொம்மைகளோடு பொம்மையாகக் கடைகளில் வைத்து விற்றது. விளம்பரங்கள் சிறுவரை நோக்கியே பேசின. அந்தக் காலத்து விற்பனை உத்தி இன்றும் நம் மனத்தில் விதி போலப் படிந்திருக்கிறது.

விதிக்கு அடங்காதவர்களும் இருந்தனர். ஜப்பானைச் சேர்ந்த ஹமாகோ மோரி என்ற பெண்மணி 1981-இல், ஐம்பது வயதுக்குப் பின், வீடியோ விளையாட்டு ஆடத் தொடங்கினார். தம் ஆட்டத்தை யூடியூபில் காட்டிவந்த அவரை, 2020-இல் தொண்ணூறு வயதில், அவ்வகையினருள் உலகிலேயே மூத்தவர் என்று கின்னஸ் நிறுவனம் அறிவித்தது.

மூத்த கண்ணும் மூத்த விரலும்

முதியோருக்கு இவ்விளையாட்டுகள் கடினமாக இருப்பது உண்மையே. ஆனால் அதற்குக் காரணம் அறிவுக் குறைவு என்று எண்ணலாகாது. இருபது வயதினரின் விழித்திரைக்குச் செல்லும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை அடைகிறது. கண்மணி சுருங்குவதும், விழிலென்சு மஞ்சள் நிறம் பெறுவதும் இதற்குக் காரணங்கள். மங்கிய திரையில் சிறிய எழுத்தைப் படிக்க அவர்கள் திணறுவதில் வியப்பில்லை. ஒன்றைக் கண்டு கை இயங்குவதற்கு ஆகும் நேரமும் வயதோடு கூடுகிறது. இரண்டு மூன்று செயல்களில் ஒன்றைத் தேர்ந்து செய்ய வேண்டுமானால் இன்னும் கூடுகிறது.

எனவே விரைவை வேண்டும் விளையாட்டு ஒரு வகை. நம் முறை வரும் வரை காத்திருக்கும் விளையாட்டு மற்றொரு வகை. சதுரங்கம் இரண்டாம் வகை. 2022-ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்ததை அறிவீர்கள். அதே அரங்கில் எட்டு வயதுச் சிறுமியும் ஆடினாள். எழுபது கடந்த மூதாட்டியும் ஆடினார். ஓட்டப் பந்தயத்தில் இதைக் காண முடியுமா?

கருவியையே மாற்றிக் கடினத்தைக் குறைக்கவும் முடியும். 2006-இல் வெளிவந்த நிண்டெண்டோவின் 'வீ' கருவி இதற்குச் சான்று. அதில் பல பொத்தான்களை நினைவில் வைக்க வேண்டியதில்லை. கையை வீசினால் போதும். கைப்பிடிக்குள் இருக்கும் முடுக்கமானியில் மிகச் சிறிய சிலிக்கான் நிறை ஒன்று அசைகிறது. அந்த அசைவால் மின்தேக்குத்திறன் மாறுவதைக் கொண்டு கருவி கையின் வீச்சை அறிகிறது. பல நாடுகளின் முதியோர் இல்லங்களில் இக்கருவியைக் கொண்டு பந்துருட்டும் ஆட்டம் ஆடினர்.

மூளை கூர்மை பெறுமா?

இந்த ஆராய்ச்சி புதிதன்று. 1987-இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் முதியோர் சிலரை ஏழு வாரங்கள் 'பேக்-மேன்', 'டாங்கி காங்' ஆகியவற்றை ஆடச் செய்தனர். ஆடியவர்கள், ஆடாதவர்களைவிடச் சோதனைகளில் விரைந்து விடையளித்தனர். 2013-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வொன்று 'நேச்சர்' இதழில் வந்தது. 60 முதல் 85 வயது வரை உள்ளவர்கள், வண்டி ஓட்டிக்கொண்டே அடையாளக் குறிகளைக் கவனிக்கும் விளையாட்டு ஒன்றை ஒரு மாதத்தில் 12 மணி நேரம் பழகினர். முடிவில், அவ்விளையாட்டைப் பழகாத இருபது வயதினரை அவர்கள் மிஞ்சினர். ஆறு மாதம் கழித்தும் அத்திறன் நிலைத்திருந்தது.

மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆயினும் இங்கே ஒரு நுட்பம் உள்ளது. தாயம் நன்றாக ஆடுபவர் தாயத்தில் தேர்ச்சி பெறுவார். அதனால் கடையில் வாங்க வேண்டியதை மறக்காமல் இருப்பாரா? ஒரு திறன் மற்றொன்றுக்கு எவ்வளவு தூரம் பரவும் என்பதில்தான் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு. 2014 அக்டோபரில் சுமார் 70 அறிவியலார் கூட்டறிக்கை வெளியிட்டு, மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்போரின் வாக்குறுதிகளுக்குப் போதிய சான்றில்லை என்றனர். அதே ஆண்டு டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்டோர், சில பயிற்சிகளுக்குப் பயன் உண்டு என மறுமொழி கூறினர். 2016-இல் 'லுமோசிட்டி' என்ற விளையாட்டை விற்ற நிறுவனம், சான்றில்லாமல் விளம்பரம் செய்த குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது.

இது நமக்கும் தொடர்புடைய செய்தியே. 2023-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கின்றனர். இத்தனை குடும்பங்களின் அச்சத்தை யாரும் விற்பனைப் பொருளாக்கிவிடலாகாது. 2024-இல் 'லான்செட்' மருத்துவக் குழு தவிர்க்கத்தக்க காரணங்களாக 14-ஐப் பட்டியலிட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, காது கேளாமை, கண்பார்வைக் குறை, உடலுழைப்பின்மை ஆகியவற்றோடு தனிமையும் அதில் இடம்பெற்றுள்ளது. கடைசியாகச் சொன்ன தனிமையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

திரும்பி வந்த தாயம்

தாயமும் வடநாட்டுப் பச்சீசியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டங்கள். பச்சீசியை எளிதாக்கி 1896-இல் இங்கிலாந்தில் 'லூடோ' என்ற பெயரில் காப்புரிமை பெற்றனர். அது நம் நாட்டுக்கே அட்டை வடிவில் திரும்பி வந்தது. 2016-இல் நவி மும்பையைச் சேர்ந்த நிறுவனம் 'லூடோ கிங்' என்ற கைப்பேசி விளையாட்டாக அதை வெளியிட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, வெவ்வேறு ஊர்களில் அடைபட்ட குடும்பங்கள் அதில் ஒன்றுகூடி ஆடின. விதிகளைப் புதிதாகக் கற்க வேண்டிய தேவை தாத்தா பாட்டிகளுக்கு இல்லை. காய் நகர்த்துவதும் வெட்டுவதும் பழமேறுவதும் அவர்கள் சிறுவயதிலேயே அறிந்தவை.

ஆனால், "இந்தப் போன் எனக்கு மட்டும் ஆறு போட மாட்டேன் என்கிறது" என்று பெரியவர்கள் ஐயுறுவதைக் கேட்டிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டிலும் வெறுமை, 1, 2, 3 என நான்கு முகங்கள். இரண்டையும் உருட்டினால் 16 வகைகளில் விழலாம். ஒன்று வெறுமை, மற்றது 1 என்று விழுந்தால் தாயம். அதற்கு 2 வகைகள் உண்டு. ஆகவே தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பே. லூடோவில் ஆறு விழ ஆறில் ஒரு வாய்ப்பு. பத்து முறை உருட்டியும் ஆறே விழாமற்போக 100-க்கு 16 வாய்ப்பு இருக்கிறது. நால்வர் ஆடினால், முதல் பத்து உருட்டலில் யாரேனும் ஒருவருக்கு இந்த நிலை வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு! கருவி நேர்மையாக உருட்டினாலும், ஒருவர் வஞ்சிக்கப்பட்டதாக உணர்வது இயல்பே.

பணம் வைத்து ஆடுவதோ வேறு செய்தி. அங்கே இழப்பு நிகழ்தகவுக் கணக்கோடு நிற்பதில்லை. ஓய்வூதியத்தில் கை வைக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பெரியவர்களின் கைப்பேசியில் பணம் கேட்கும் செயலி எதுவும் இல்லாதபடி வீட்டிலுள்ள இளைஞர்கள் பார்த்துக் கொள்ள வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டுப் பெரியவர் கைப்பேசியில் விளையாட விரும்பினால், முதலில் திரையின் வெளிச்சத்தையும் எழுத்தின் அளவையும் கூட்டிக் கொடுங்கள். விரைவு வேண்டாத விளையாட்டைத் தேர்ந்து கொடுங்கள். மணிக்கணக்கில் உட்காராமல் இடையில் எழுந்து நடக்கச் சொல்லுங்கள். இது மறதிக்கு மருந்து என்று பொய் நம்பிக்கை தராதீர்கள். வயதுக்குப் பொருந்தாதது என்று இகழவும் செய்யாதீர்கள். திண்ணை ஆட்டத்தில் எதிரே ஓர் ஆள் எப்போதும் இருந்தார். தொடுதிரையில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அங்கே நீங்கள் சென்று அமர்ந்து, இன்று மாலை ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். தோற்றாலும் குற்றமில்லை.