தேசிங்கு

தேசிங்கு என்பது விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் ஆண்மக்களுக்கு இடப்பெறும் பெயர். தேசிங்குராஜன், தேசிங்குராஜா என்னும் நீண்ட வடிவங்களும் வழக்கில் உண்டு. செவிக்கு நம்மூர்ப் பெயராகவே ஒலிப்பினும் இதன் மூலம் வடநாட்டது. ஒளியைக் குறிக்கும் தேஜஸ், சிங்கத்தைக் குறிக்கும் சிம்ஹம் ஆகிய சம்ஸ்கிருதச் சொற்களினின்று பிறந்த தேஜ்சிங் என்னும் இராஜபுத்திரப் பெயர், வல்லின மெய்யில் சொல்லை முடிக்க இசையாத தமிழ் நாவில் ஈற்றில் ஓர் உகரம் பெற்று, ஜகரமும் அதனை அடுத்த சகரமும் ஒன்றாய்க் கரைந்து, தேசிங்கு ஆயிற்று. அம்மட்டில் நில்லாது, முதலெழுத்தும் 'தேன்' என்பதிற்போல் ஒலியாமல் 'தேசம்' என்பதிற்போல் ஒலிக்கலாயிற்று. ஆகவே மூலம் அறியாத ஒருவர் இப்பெயரைத் தேசத்தோடு பொருத்திப் பொருள் கண்டால், அவரைக் குறை கூறுவதற்கில்லை.

ஔரங்கசீப்பின் சேனாபதி ஜுல்பிகார்கான் 1698இல் மராத்தியரிடமிருந்து கைப்பற்றிய செஞ்சிக் கோட்டை, பின்னர் பந்தேலா இராஜபுத்திரரான சொரூப்சிங்கின் பொறுப்பில் விடப்பட்டது. 1714இல் அவர் காலமாக, மகன் தேஜ்சிங் தந்தையின் உரிமையைத் தானே மேற்கொண்டான். கப்பப் பாக்கியைக் காரணங்காட்டி ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் படையெடுத்து வர, அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் அவ்விளைஞன் போரில் மாண்டான். ஓராண்டும் நிறையாத அவ்வாட்சி சரித்திராசிரியர்களுக்குச் சில பக்கங்களுக்குமேல் விஷயம் தருவதன்று.

கதைப்பாடகர்களுக்கோ அதுவே அட்சயபாத்திரம். எவருக்கும் அடங்காத குதிரையை அவன் அடக்கியதும், போருக்கு விடைகேட்டபோது சிங்கவரம் அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், மணக்கோலத்தைத் துறந்து களத்துக்கு விரைந்த முகம்மதியத் தோழன் அவனுக்காகவே உயிர் நீத்ததும், இளம் இராணி உடன்கட்டை ஏறியதும் தெருக்கூத்திலும் பெரிய எழுத்துப் புத்தகங்களிலும் ஊரூராகப் பரவின. குலதெய்வத்தின் பெயரையோ பாட்டனார் பெயரையோ பிள்ளைக்கு இடுவதே முறையாக இருந்த இந்நாட்டுப்புறத்தில், தெய்வமும் அல்லாத, உறவும் அல்லாத, தாய்மொழியாலும் வேறுபட்ட ஒருவன் பெயர் தொட்டிலேறியதற்கு இக்கதையே காரணம் எனலாம். 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'ராஜா தேசிங்கு' திரைப்படம், கூத்து எட்டாத பட்டணங்களுக்கும் அதைக் கொண்டு சேர்த்தது.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் தென்படும் செஞ்சிக் கோட்டை, கோன் மரபினர் தொடங்கி நாயக்க மன்னர்கள் விரித்துக் கட்டியது என்பர். எனினும் வழிப்போக்கர் கேட்டால், தேசிங்குராஜன் கோட்டை என்றே மக்கள் கைகாட்டுவர்.