லஸ்கரி

லஸ்கரி என்பது, பாய்மரக் காலத்தில் இந்துமகா சமுத்திரத்தை உழுத ஆங்கிலேயக் கப்பல்களில், கீழ்த்திசை மாலுமிகளுக்கும் அவர்களை ஏவி வேலை வாங்கிய வெள்ளை அதிகாரிகளுக்கும் இடையே வழங்கிய ஏவல் பாஷை. இலக்கணத்தில் அது இந்துஸ்தானி. அதாவது இன்று உருது என்றும் இந்தி என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசப்படுவதன் பொது வடிவம். சொற்களிலோ பாரசீகமும் அரபும் போர்த்துகீசியமும் ஆங்கிலமும் இந்நாட்டுக் கரையோர பாஷைகளும் ஒரே பானையில் வெந்த கூட்டு. சேனை என்று பொருள்படும் 'லஷ்கர்' என்ற பாரசீகப் பதமே போர்த்துகீசியர் வாயில் 'லஸ்கரீம்' ஆகி, முதலில் போர்ச் சேவகனையும் பின்னர் கப்பலாளையும் குறித்து, ஆங்கிலத்தில் 'லாஸ்கர்' என்று நிலைபெற்றது.

உருது என்னும் பாஷை வளர்ந்து நாகரிகம் பெற்ற தில்லியும் லக்னோவும் கடற்காற்றே அறியாத நகரங்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், அப்பாஷையில் ஓடம் சம்பந்தமான சொற்கள் ஏன் இரு வேறு குலங்களாக நிற்கின்றன என்பது விளங்கும். கவிஞர்களின் ஓடம் பாரசீகத்திலிருந்து வந்தது. ஓடம் 'கஷ்தீ', கரை 'சாஹில்', பாய் 'பாத்பான்', அதாவது காற்றைக் காப்பது, கப்பல் தலைவன் 'நாகுதா', அதாவது 'நாவ்' என்னும் ஓடத்தின் எஜமானன். எஜமானனைக் குறிக்கும் 'குதா' என்ற சொல்லே இறைவனையும் குறிப்பதால், நாகுதா கைவிட்டாலும் குதா கைவிடான் என்ற சிலேடையைக் கஸல் பாடுவோர் அலுக்காமல் கையாண்டு வந்திருக்கின்றனர். 'நாவ்' என்ற முற்பகுதியோ சம்ஸ்கிருத 'நௌ', லத்தீன் 'நாவிஸ்', ஆங்கில 'நேவி' ஆகியவற்றின் உடன்பிறப்பு. நங்கூரத்தைக் குறிக்கும் 'லங்கர்' என்ற சொல் அன்னசாலைக்கும் பெயராக வழங்குகிறது. சீக்கியர் குருத்வாராக்களில் நடக்கும் லங்கர் உலகறிந்தது. துடுப்புக்குச் 'சப்பூ', சுக்கானுக்குப் 'பத்வார்', ஓடக்காரனுக்கு 'மாஞ்ஜீ' என்பவை கங்கைக்கரைச் சொற்கள். அந்த ஆற்றோடங்களில் ஒன்றான 'டிங்கி' ஆங்கிலத்தில் ஏறி, இன்று எந்தத் துறைமுகத்திலும் சிறு படகுக்குப் பெயராக நிற்கிறது.

ஆனால் மூன்று மரம் நாட்டி, மரத்துக்கு நாலைந்து பாய் அடுக்கி, ஒவ்வொரு பாய்க்கும் ஒவ்வொரு கயிற்றுக்கும் தனிப்பெயர் சூட்டிய ஐரோப்பியக் கப்பலை நடத்துவதற்கு, பாத்பான் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புயலில் பாயைச் சுருட்டு என்றால் எந்தப் பாய் என்று கேட்க நேரமிருப்பதில்லை. இக்கடல்களுக்கு அத்தகைய கப்பலை முதலில் கொண்டுவந்தவர் போர்த்துகீசியராதலால், அதன் உறுப்புகளுக்கும் அவர்கள் பெயர்களே ஒட்டிக்கொண்டன. மேற்பாயைக் குறித்த 'காவீ' அவர்களுடைய 'காவியா'. முன்மரத்துப் பாயான 'திர்கட்'டும் அவ்வழி வந்ததே. கயிற்றின் ஒரு சுற்று 'போல்தா'. பலகையிடுக்கில் திணிக்கும் பழங்கயிற்று நார் 'இஸ்தூப்'. உருதுவில் பாய்மரத்துக்கு இன்றும் வழங்கும் 'மஸ்தூல்'கூட அவர்களுடைய 'மாஸ்த்ரோ' என்பர். இவற்றை ஏவியவன் ஆங்கிலேயன், ஏறிக் கட்டியவன் கொங்கணத்தானோ வங்காளியோ. பெயர் வைத்தவன் மட்டும் வேறொருவன்.

திசைச் சொற்களின் கதை இன்னும் ருசிகரமானது. ஆங்கிலத்தில் வலப்புறத்துக்கு 'ஸ்டார்போர்ட்' என்று பெயர். பின்னணியத்தில் சுக்கான் பொருத்தும் வழக்கம் வருமுன், வலப்பக்கத்தில் தொங்கவிட்ட பெருந்துடுப்பால் கப்பலைத் திருப்பிய காலத்தின் எச்சம் அது. இடப்புறத்துக்கு வழங்கிய 'லார்போர்ட்', இரைச்சலில் இதனோடு மயங்கி ஆபத்து விளைத்ததால், 1844இல் பிரிட்டிஷ் கடற்படை அதை நீக்கி 'போர்ட்' என்பதையே சொல்லவேண்டுமென்று உத்தரவிட்டது. லஸ்கரிக்கு இச்சங்கடம் இல்லை: வலம் 'ஜம்னா', இடம் 'டாவா', எத்தனை இரைச்சலிலும் இவ்விரண்டும் மயங்கா. உருதுவின் 'தாயான்', 'பாயான்' என்ற எதுகைச் சொற்களை விட்டு மேலைக்கரைச் சொற்களை மாலுமிகள் எடுத்துக்கொண்டது அதனாலேயே என்று எனக்குத் தோன்றுகிறது. ஜம்னாவுக்கு இணையாகக் குஜராத்தியில் வலக்கையைச் சுட்டும் சொல்லுக்கு உண்பதைக் குறிக்கும் வினையே மூலம் என்பர். சோற்றாங்கை என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை; மற்றொரு கைக்கு நாம் வைத்திருக்கும் பெயரைக் கலைக்களஞ்சியத்தில் எழுதவும் வேண்டியதில்லை.

கப்பலாட்களின் தலைவன் 'ஸராங்', நம் துறைமுகங்களில் சாரங்கு. சேனாபதியைக் குறித்த பாரசீக 'ஸர்ஹங்' என்பதன் திரிபு. அவனுக்கு அடுத்தவன் 'டிண்டல்'. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் தண்டல் என்பதே அவ்வுருவில் கப்பலேறியது. சுக்கான் பிடித்தவன் 'ஸுக்கானீ', ஆங்கிலேயர் எழுத்தில் 'சீகன்னி'; அரபு 'ஸுக்கான்' நமக்கும் சுக்கானாகவே வந்திருக்கிறது. வெள்ளைக்கார உப அதிகாரியை 'மாலும் சாகிபு' என்றழைத்தனர். ஆசானைக் குறிக்கும் அரபு 'முஅல்லிம்' அது. இக்கட்டுரையின் முதல் வாக்கியத்திலிருந்து நாம் எழுதிவரும் மாலுமியும் அந்த ஆசான்தான். தமிழில் பதவி இறங்கிப் பொதுப்பெயராகிவிட்டார்.

இப்பாஷையை முதன்முதல் புத்தகத்தில் அடைத்தவர், கிழக்கிந்தியக் கும்பினியாரின் சென்னைச் சேனையைச் சேர்ந்த தாமஸ் ரோபக். அவருடைய ஆங்கில-இந்துஸ்தானிக் கடற்சொல் அகராதி 1811இல் கல்கத்தாவில் அச்சாயிற்று. கட்டளை வாக்கியங்களையும் சேர்த்திருந்ததால் இளம் அதிகாரிகளுக்கு அது பெரிதும் உபகாரமாயிற்று. ஜார்ஜ் ஸ்மால் என்ற பாதிரியார் அதைப் பெருக்கி, லஸ்கரி அகராதி என்ற பெயரால் 1882இல் லண்டனில் வெளியிட்டார். அதற்குள் சூயஸ் கால்வாய் திறந்து பதின்மூன்று ஆண்டுகளாகி, நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்டன. காவீயும் திர்கட்டும் ஏடேறிய வேகத்திலேயே கடலிலிருந்து இறங்கின. ஆட்பெயர்கள் மட்டும் தங்கின. இந்தியாவின் உள்நாட்டு நீர்வழிகளில் விசைப்படகு ஓட்ட அரசாங்கம் வழங்கிய தகுதிச் சான்றிதழ்களில் ஒன்றுக்கு ஸராங் என்றே பெயர் இருந்தது.