மருந்துப் பெட்டியில் ஒரு எண், அதற்குப் பின்னால் ஒரு சண்டை

1/ சில கண் சொட்டு மருந்துகள்ல 'பாலிஎத்திலீன் கிளைக்கால் 400'னு போட்டிருக்கும். மலச்சிக்கலுக்குத் தர்ற பவுடர்லயும் அதே பேர், ஆனா 3350. இந்த எண் மில்லிகிராம் இல்லைங்க, மூலக்கூறு எடை. இதுக்குப் பின்னாடி பெரிய சண்டையே நடந்திருக்கு.

2/ தண்ணீரோட மூலக்கூறு எடை 18. குளுக்கோஸ் 180. ரப்பர், ஸ்டார்ச் எல்லாம் இது மாதிரி சின்ன மூலக்கூறுகள் கூட்டமா ஒட்டிக்கிட்டு இருக்கிறதுதான்னு 100 வருஷம் முன்னாடி பெரும்பாலான வேதியியலாளர்கள் நம்பினாங்க.

3/ 1920ல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் அதை மறுத்தார். ரயில் பெட்டி மாதிரி, உறுதியான வேதிப் பிணைப்பால் கோத்த ஒரே நீளச் சங்கிலி என்றார்.

4/ ரப்பரை ஒட்ட வைப்பது அதன் இரட்டைப் பிணைப்புகள்தான்னு எதிர்த்தரப்பு வாதம். அப்போ ஹைட்ரஜன் சேர்த்து அதை நீக்கிட்டா, சுலபமா ஆவியாகிற சின்னப் பொருளா உதிரணும் இல்லையா? 1922ல் செஞ்சு பார்த்தார். உதிரவே இல்லை!

5/ அப்பவும் ஏத்துக்கலை. 5000க்கு மேல எடையுள்ள கரிம மூலக்கூறே கிடையாது, இந்த யோசனையை விட்டுடுங்கன்னு நோபல் பரிசு வாங்கின வீலாண்டே அறிவுரை சொன்னதா ஸ்டாடிங்கர் பின்னாளில் எழுதினார்.

6/ ஆனா 1920களிலேயே அடேர் சவ்வூடு அழுத்தத்தாலும், ஸ்வெட்பெரி அதிவேக மையவிலக்கியாலும் ஹீமோகுளோபினை எடை போட்டாங்க. சுமார் 67,000! நம்ம ரத்தமே சாட்சி சொல்லிடுச்சு. ஸ்டாடிங்கருக்கு நோபல் கிடைச்சது 1953ல், 72 வயசுல.

7/ இன்னொரு விஷயம். செயற்கைப் பாலிமர்ல எல்லாச் சங்கிலியும் ஒரே நீளம் இருக்காது. அந்த எண் வெறும் சராசரி. 10,000 எடையில் 9 சங்கிலி, 1,10,000ல் ஒண்ணு இருந்தா சராசரி 20,000. ஆனா 20,000 எடையுள்ள சங்கிலி அதில் ஒண்ணுகூட இல்லை!

8/ இது டாக்டருக்கு ஏன் முக்கியம்? இலங்கையில் டெங்கு அதிர்ச்சிக்குத் தர்ற டெக்ஸ்ட்ரான் 40ஓட சராசரி எடை 40,000. சிறுநீரகம் சராசரியைப் பார்க்காது. சின்னச் சங்கிலிகள் சீக்கிரமே சிறுநீர்ல போயிடும், பெரியவை ரத்தத்துல கூடுதல் நேரம் தங்கும்.

9/ 3350ம் அப்படித்தான். குடல் பெரும்பாலும் உறிஞ்ச முடியாத அளவு. அதனால தண்ணீரைப் பிடிச்சு வெச்சு மலத்தை இளக்கும். 400ஓ கண்ணுல வழவழப்பு தரும். கண்ணி ஒண்ணுதான், நீளம் வேற, வேலையும் வேற. அதனால, பேர் ஒண்ணா இருக்கேன்னு நம்பரைக் கவனிக்காம மருந்து வாங்காதீங்க.