பற்சூழ் திசுக்கள்

பல்லைத் தாடையில் தாங்கி நிற்கும் நான்கு திசுக்களுக்கும் சேர்த்துப் பற்சூழ் திசுக்கள் என்று பெயர். வெளியே தெரிவது ஈறு. உள்ளே மறைந்திருப்பவை பற்சூழ் தசைநார், வேரின்மேல் படிந்த சிமெண்டம், வேரைச் சுற்றிய பற்குழி எலும்பு ஆகிய மூன்று. சுவரில் அறைந்த ஆணிபோலப் பல் எலும்பில் இறுகியிருப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மி.மீ. இடுக்கு இருக்கிறது, இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வரும் தடிமன்தான். அந்த இடுக்கை நிறைத்திருக்கும் நார்களில் பல் தொங்குகிறது. நல்ல பல்லுக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு அசைவு உண்டு. எலும்போடு ஒட்டிப்போய்த் துளியும் அசையாத பல்தான் கோளாறுள்ள பல்.

தமிழ்நாட்டில் ஈறு என்பதை இலங்கைத் தமிழர் முரசு என்பர். தசைநார் என்ற சொல்லில் தசை இருந்தாலும் பொருளில் தசை கிடையாது; அது பெரும்பாலும் கொலாஜன் இழை. சிமெண்டத்தைப் பற்காரை என்றும் எழுதுவதுண்டு. ஆனால் பேச்சு வழக்கில் காரை என்றால் பல்லில் கெட்டிப்படும் மஞ்சள் படிவு, பல் மருத்துவர் சுரண்டி எடுப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமலிருக்க இங்கே சிமெண்டம் என்றே எழுதப்படுகிறது.

தோற்றம்

பல்லின் மேற்பகுதி உருவானதும் எனாமலை உருவாக்கிய உறுப்பின் விளிம்பு ஆழத்தை நோக்கி வளர்ந்து, இரண்டடுக்குச் செல் உறையாகிறது. ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் ஆஸ்கர் ஹெர்ட்விக் 1874-இல் விவரித்ததால் அது ஹெர்ட்விக் உறை எனப்படுகிறது. வேர் எத்தனை, எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் வளைவு என்பதெல்லாம் இந்த உறை வளரும் போக்கைப் பொறுத்தது. உட்புறத்தில் பல்லின் உட்கடினத் திசுவான டென்டின் படியத் தொடங்கியதும் உறை ஆங்காங்கே பிய்ந்துபோகும். பல் முளையைச் சுற்றியுள்ள பற்பையின் செல்கள் அந்தக் கிழிசல் வழியே நுழைந்து புது டென்டினைத் தொடுகின்றன. அவை சிமெண்டத்தை உருவாக்கும் செல்களாக மாறுகின்றன. தசைநாரும் பற்குழியின் உட்சுவரும் அதே பற்பையிலிருந்தே பிறக்கின்றன. ஆக இவை மூன்றும் உடன்பிறப்புகள். ஈறுதான் வாயின் சளிச்சவ்விலிருந்து வந்து சேர்ந்த உறவு.

பிய்ந்த உறையின் துணுக்குகள் முற்றிலும் அழிவதில்லை. பிரெஞ்சு ஆய்வாளர் மலாசேயின் பெயரால் வழங்கும் இச்சிறு செல்கூட்டங்கள் வேரை ஒட்டித் தசைநாருக்குள் ஆயுள் முழுவதும் தங்கியிருக்கும். சொத்தை முற்றிப் பற்கூழ் அழுகும்போது, உறங்கிக் கிடந்த இவை பெருகி வேர்நுனியில் நீர்க்கட்டியை உண்டாக்கலாம்.

ஈறு

பல்லின் கழுத்தைச் சுற்றித் தளர்வாக நிற்கும் ஓரம் விளிம்பு ஈறு. அதற்கு அடுத்து எலும்போடும் வேரோடும் இறுகப் பிடித்திருப்பது ஒட்டிய ஈறு. இரு பற்களுக்கு இடையே கூம்பாக எழுவது பல்லிடை ஈறு. ஒட்டிய ஈற்றின் அகலம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மேல்தாடை முன்பற்களில் 3.5 முதல் 4.5 மி.மீ. வரை இருப்பது, முன்கடைவாய்ப் பற்களருகே 2 மி.மீ.க்கும் கீழே குறைந்துவிடும். துடைத்து உலர்த்திப் பார்த்தால் பலருக்கு ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற குழிப்புள்ளிகள் தெரியும். அவை இல்லாததை நோயாகக் கொள்ள வேண்டியதில்லை.

ஈறு இளஞ்சிவப்பாக இருப்பதே ஆரோக்கியம் என்று நூல்கள் எழுதுவது முழு உண்மையல்ல. மேல்தோலின் அடியடுக்கில் உள்ள நிறமிச் செல்கள் மெலனினை உண்டாக்குகின்றன. நம்மவர் பலருக்கு ஈறு பழுப்பாகவோ கருத்தோ இருப்பது அதனால்தான். இயல்பான நிறமே அது. பார்க்க வேண்டியது கறுப்பை அல்ல, வீக்கத்தையும் இரத்தக் கசிவையும்.

ஈற்றுக்குள் கொலாஜன் இழைக்கட்டுகள் பல திசைகளில் ஓடுகின்றன. சில வேரிலிருந்து ஈற்றுக்குள் விசிறிபோல் விரியும். சில பல்லின் கழுத்தை வளையமாகச் சுற்றும். இன்னும் சில ஒரு பல்லின் சிமெண்டத்தில் தொடங்கி, எலும்பின் உச்சியைத் தாண்டிப் பக்கத்துப் பல்லின் சிமெண்டத்தில் முடியும். கம்பி போட்டு நேராக்கிய பல் பழைய திருகலுக்கே திரும்பப் பார்ப்பதில் ஈற்றின் இந்த இழைகளுக்குப் பெரும் பங்குண்டு. இவை தங்களைப் புதுப்பித்துக்கொள்ள நீண்ட காலம் எடுக்கும். கம்பியைக் கழற்றிய பிறகும் நிலைநிறுத்தி அணியச் சொல்வது அதற்காகத்தான்.

ஈறு பல்லோடு ஒட்டும் இடம்

நகமும் மயிரும் தோலிலிருந்தே உருவாகுபவை. தோலைத் துளைத்து வருபவை அல்ல. பல் அப்படியில்லை. உடலின் மேல்தோல் உறையைத் துளைத்துக்கொண்டு ஒரு கடினப் பொருள் வெளியே நிற்கும் இடம் இது. துளை இருக்கும் இடத்தில் கசிவைத் தடுக்க முத்திரை வேண்டும். அந்த முத்திரைதான் இணைப்புப் புறத்தோல்.

விளிம்பு ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையில் ஆழமற்ற பள்ளம் ஒன்று உண்டு. ஆரோக்கியமான வாயில் மருத்துவரின் அளவுகோல் அதில் 1 முதல் 3 மி.மீ. வரை இறங்கும். பள்ளத்தின் தரையில் தொடங்கி ஆழம் நோக்கி மெலியும் பட்டையே இணைப்புப் புறத்தோல். மேலே 15 முதல் 30 செல் தடிமன். அடியில் ஒன்றிரண்டு செல்தான். கெரட்டின் கிடையாது. செல்களுக்கு இடையே இடைவெளி அதிகம். சில நாட்களுக்கு ஒருமுறை முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது.

இது பல்லோடு ஒட்டியிருக்கிறதா, வெறுமனே சாய்ந்திருக்கிறதா என்பது நீண்ட நாள் வழக்கு. ஒட்டியிருக்கிறது என்று வியன்னாவின் பெர்ன்ஹார்ட் காட்லீப் 1921-இல் எழுதினார். சட்டைக் கழுத்துப்பட்டி போலத் தழுவி நிற்பதுதான் என்று 1950-களில் நார்வேயின் வேர்ஹௌக் மறுத்தார். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு காட்லீப் பக்கம் தீர்ப்பானது. செல்கள் அரை டெஸ்மோசோம் என்ற நுண்பிடிகளால் அடித்தள மென்படலத்தின் வழியாக எனாமலைப் பற்றியிருப்பது தெரிந்தது.

நுண்ணோக்கியில் முதன்முறை இதைப் பார்க்கும் மாணவருக்கு ஒரு குழப்பம் வரும். கண்ணாடித் தகட்டில் புறத்தோல் எதையும் ஒட்டாமல் வெற்றிடத்தை நோக்கி நிற்கும். திசுவை மெல்லியதாக வெட்ட முதலில் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணத்தை நீக்குவார்கள். எனாமல் 96 விழுக்காட்டுக்கு மேல் கனிமம் ஆதலால் அது மொத்தமும் கரைந்து போய்விடும். அந்த வெற்றிடம்தான் எனாமல் இருந்த இடம்.

1961-இல் கார்ஜூலோ, வென்ட்ஸ், ஆர்பன் மூவரும் மனிதத் தாடைகளை அளந்து, இணைப்புப் புறத்தோல் சராசரியாக 0.97 மி.மீ., அதன் கீழுள்ள இணைப்புத் திசு 1.07 மி.மீ. என்று வெளியிட்டனர். இரண்டும் சேர்ந்த 2.04 மி.மீ. பல் மருத்துவத்தில் வேத வாக்குபோல வழங்குகிறது. அது சராசரி மட்டுமே; ஆளுக்கு ஆள், பல்லுக்குப் பல் மாறும். ஆனால் இந்த எல்லையை மீறிப் பல்லுக்கு மாட்டும் செயற்கை உறையின் விளிம்பை ஆழத்தில் இறக்கினால், ஈறு சிவந்து வீங்கியோ எலும்பு கரைந்தோ தன் இடத்தை மீட்டுக்கொள்ளும் என்பது உண்மை.

இந்த முத்திரை காற்றுப் புகாத மூடி அல்ல, காவலர் உலவும் வாசல். வெள்ளையணுக்கள் நிமிடத்துக்குச் சுமார் 30,000 வீதம் இதன் வழியே வாய்க்குள் வந்துகொண்டிருக்கின்றன என்பது கணக்கு. ஆனால் பல்லில் அழுக்கு சேரவிட்டால் இந்தக் காவல் போதாது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோவும் குழுவினரும் 1965-இல் வெளியிட்ட ஆய்வில் 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் சரியானது.

வீக்கம் எலும்பு இழப்பாக முற்றுவது எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. இதே லோ, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரை 1970 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவமோ எட்டாதவர்கள் அவர்கள். ஏறக்குறைய 8 விழுக்காட்டினருக்குப் பற்பிடிப்பு வேகமாகக் கரைந்தது; 81 விழுக்காட்டினருக்கு மிதமாக; 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. அழுக்கு ஒன்றுபோல் இருந்தும் திசுக்கள் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை.

பற்சூழ் தசைநார்

தடிமன் 0.15 முதல் 0.38 மி.மீ. வரை. வேரின் நடுப்பகுதியில் குறுகி, இரு முனைகளிலும் சற்று அகன்று, உடுக்கை வடிவில் இருக்கும். பல் அசையும்போது அந்தக் குறுகிய நடுவைச் சுற்றியே சுழல்கிறது.

இதன் முதன்மை இழைகள் ஐந்து வகை: குழியின் உச்சிக்குரியவை, கிடையானவை, சாய்வானவை, வேர்நுனிக்குரியவை, பல வேர்ப் பற்களில் வேர்களுக்கு இடைப்பட்டவை. எண்ணிக்கையில் மிகுந்தவை சாய்விழைகள். எலும்பிலிருந்து வேர்நுனி நோக்கிச் சரிந்து சிமெண்டத்தில் சேரும் இவை, தூளியின் கயிறுகள்போல வேரை ஏந்துகின்றன. முறுக்கைக் கடிக்கும்போது பல் குழிக்குள் அழுத்தப்படுகிறது. இழைகள் விறைத்து அந்த அழுத்தத்தை எலும்பின்மீது இழுவிசையாக மாற்றுகின்றன. இடுக்கில் உள்ள திரவமும் இரத்தக் குழாய்களும் அதிர்வின் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும்.

இழைகளின் இரு முனைகளும் கனிமத்துக்குள் புதைந்திருக்கின்றன. அந்தப் புதைந்த பகுதிக்கு ஸ்காட்லாந்து உடற்கூற்றறிஞர் வில்லியம் ஷார்ப்பியின் பெயர். எலும்புப் பக்கம் அவை பருமனாகவும் தள்ளித் தள்ளியும், சிமெண்டப் பக்கம் மெலிதாகவும் நெருக்கமாகவும் இருக்கும்.

தசைநாரின் கொலாஜன் உடலின் மற்ற இடங்களைவிட மிக விரைவாகச் சிதைந்து புதுப்பிக்கப்படுகிறது. ஒரே நார்ச்செல் பழைய இழையை விழுங்கிக்கொண்டே புதியதை நெய்யும். புதிய கொலாஜன் உறுதிப்பட வைட்டமின் சி வேண்டும். பழங்கால மாலுமிகளுக்கு ஸ்கர்வி கண்டு பற்கள் ஆடியது இதனால்: சிதைவு நிற்கவில்லை, நெசவு நின்றுவிட்டது. நார்ச்செல்களோடு எலும்பை ஆக்கும் செல், கரைக்கும் செல், சிமெண்டச் செல் ஆகியவையும் இங்கேயே உள்ளன. 2004-இல் தண்டுச் செல்களும் பிரித்தெடுக்கப்பட்டன.

உணர்வும் இங்கேதான். சோற்றில் ஒரு மணல் துணுக்கு இருந்தால் நாக்குக்கு எட்டும் முன்பே பல் அதைச் சொல்லிவிடுகிறது. தாடை சட்டென நிற்கிறது. தலைமுடியைவிட மெல்லிய தகடு பற்களுக்கிடையே இருந்தாலும் தெரியும். தசைநாரில் உள்ள ரஃபினி வகை நரம்பு முனைகள் செய்யும் வேலை இது. இவற்றில் ஒரு பகுதியின் நரம்புச் செல் உடல்கள் மூளைத்தண்டுக்குள்ளேயே உள்ளன. உணர்நரம்புகளில் இது அபூர்வம். பொதுவாக அவை மூளைக்கு வெளியே உள்ள முடிச்சுகளில்தான் இருக்கும்.

சிமெண்டம்

நான்கில் அதிகம் கவனிக்கப்படாதது இதுதான். 1835-இல் பிரெஸ்லாவில் புர்கின்யேவின் மாணவர்கள் ஃபிரெங்கலும் ராஷ்கோவும் நுண்ணோக்கியில் இதை விவரித்தனர். எடையில் 45 முதல் 50 விழுக்காடு கனிமம்; எலும்பைவிடக் குறைவு. இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. வேரின் மேற்பகுதியில் இருப்பது செல்லற்ற சிமெண்டம். ஷார்ப்பி இழைகள் அடர்ந்து புதைந்திருப்பதும் பல்லை உண்மையில் பிடித்து வைத்திருப்பதும் இதில்தான். வேர்நுனியிலும் வேர் பிரியும் இடத்திலும் செல்லுள்ள சிமெண்டம். தேய்மானத்துக்கும் இடமாற்றத்துக்கும் ஈடுகட்டுவது அது. கழுத்தருகே 20 முதல் 50 மைக்ரான் தடிமன் உள்ளது, நுனியருகே 150 முதல் 200 மைக்ரான் ஆகிறது. ஆயுள் முழுவதும் அடுக்கடுக்காகப் படிவதால், இந்த வரிகளை எண்ணி எலும்புக்கூட்டின் வயதைக் கணிக்கும் முறையும் உண்டு.

எனாமலும் சிமெண்டமும் கழுத்தில் சந்திக்கும் விதம் மூன்று. சுமார் 60 விழுக்காட்டில் சிமெண்டம் எனாமலின்மேல் ஏறியிருக்கும். 30-இல் இரண்டும் முட்டி நிற்கும். 10-இல் தொடாமல் டென்டின் வெளியே தெரியும். ஈறு இறங்கியதும் சிலருக்கு மட்டும் குளிர்ந்த நீர் சுரீரென்று கூசுவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

பற்குழி எலும்பு

வெளியிலும் உள்ளிலும் அடர்ந்த தகடுகள், நடுவே பஞ்செலும்பு, வேரை ஒட்டிச் சல்லடைபோல் துளைகள் கொண்ட மெல்லிய உட்சுவர் என்பது இதன் அமைப்பு. துளைகள் வழியே குழாய்களும் நரம்புகளும் தசைநாருக்குள் செல்கின்றன. எக்ஸ்ரே படத்தில் வேரைச் சுற்றி வெள்ளைக் கோடாகத் தெரிவது இந்த உட்சுவர். கோட்டுக்கும் வேருக்கும் இடையே மயிரிழைபோல் ஓடும் கருங்கோடு தசைநார். நல்ல நிலையில் எலும்பின் உச்சி, எனாமல் முடியும் இடத்திலிருந்து 1 முதல் 2 மி.மீ. கீழே இருக்கும்.

இந்த எலும்பு பல்லுக்காகவே இருப்பது. பல் போனால் அதுவும் போகும். பிடுங்கிய இடத்தின் அகலத்தில் ஏறக்குறைய பாதி முதல் ஆண்டிலேயே கரைகிறது. பொக்கை வாய் ஒட்டிப்போவது இதனால்தான்.

பல்லை ஒரு பக்கம் தொடர்ந்து மெல்ல அழுத்தினால், அழுந்தும் பக்க எலும்பு கரையும். இழுபடும் பக்கம் புது எலும்பு படியும். பல் சீரமைப்பின் அடிப்படை இதுவே. எலும்பைப்போலச் சிமெண்டமும் எளிதில் கரையுமானால் கம்பி போட்ட வேர்கள் மிஞ்சா. செயற்கை டைட்டானிய வேருக்குத் தசைநார் கிடையாது. அது எலும்போடு நேரடியாக இணைகிறது. ஆகையால் கம்பியால் அதை நகர்த்த முடியாது, மணல் துணுக்கையும் அது அவ்வளவு நுட்பமாக உணராது.

விழுந்து அடிபட்டுப் பல் முழுதாகக் கழன்று வந்தால், வேரில் ஒட்டியிருக்கும் தசைநார்ச் செல்கள் உயிரோடு இருக்கும்வரை பல்லும் உயிர்தான். வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் ஒரு நொடி அலசலாம், தேய்க்கக் கூடாது. நிலைத்த பல்லாக இருந்தால் குழியிலேயே பொருத்துங்கள், இயலாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். பால்பல்லாக இருந்தால் திரும்பப் பொருத்த வேண்டாம்.