குருதிப் புற்றுநோய் ஆய்வகச் சான்றுத் தொகுப்பு மென்பொருள்

குருதிப் புற்றுநோய் இருக்கலாம் என்ற ஐயத்தின் பேரில் எடுக்கப்படும் இரத்தம், எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணு ஆகியவற்றில் வெவ்வேறு பிரிவுகள் செய்யும் சோதனைகளின் முடிவுகளை ஓரிடத்தில் சேர்த்து, நோய்க்குறியியல் நிபுணர் ஒருசேரப் பார்த்து அறிக்கை எழுதத் தோதாக அடுக்கித் தரும் கணினி அமைப்பு. நோயின் பெயரைச் சொல்வது இதன் வேலை அல்ல. எந்தச் சான்று வந்தது, எது வரவேண்டியிருக்கிறது, வந்தவற்றில் எது எதனோடு ஒத்துப்போகவில்லை என்று காட்டுவதே வேலை. சர்க்கரை, கொழுப்பு போன்ற ஒற்றை எண்களுக்காக எழுதப்பட்ட வழக்கமான ஆய்வக மென்பொருள் இதற்குப் போதாது. அதில் ஒரு சோதனை முடிந்தால் ஓர் அறிக்கை அச்சாகும், அத்தோடு கணக்கு முடிந்துவிடும்.

தேவை எழுந்த விதம்

1976-இல் பிரெஞ்சு, அமெரிக்க, பிரித்தானிய நிபுணர்கள் சேர்ந்து வகுத்த எஃப்ஏபி முறை, தீவிர லுகேமியாவைச் செல்லின் தோற்றத்தையும் சாயமேற்றலையும் வைத்தே பிரித்தது. மைக்ராஸ்கோப்பும் பழகிய கண்ணும் இருந்தால் பெரும்பாலும் வேலை நடந்தது. மரபியல் சான்று அதற்கு முன்பே தலைகாட்டியிருந்தது. நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் 1960-இல் கண்ட பிலடெல்ஃபியா குரோமோசோம், 9-ஆம் 22-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் உருவானது என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். 1994-இல் வந்த ரியல் வகைப்பாடும், 2001-இல் வந்த உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பும்தான் நிலைமையை மாற்றின. தோற்றம், செல்லின் புரத அடையாளம், மரபணு மாற்றம், நோயாளியின் உடல்நிலை ஆகிய நான்கும் சேர்ந்ததே நோயின் வரையறை என்றாயிற்று. அதன்பின் எந்த ஒரு மேசையிலிருந்தும் முழு நோயறிதல் வர வழியில்லை.

வகைப்பாடு மாறிய வேகத்தில் ஆய்வகங்கள் மாறவில்லை. ஒவ்வொரு பிரிவும் தன் அறிக்கையைத் தனித்தனி நாளில் அனுப்பியது. அவற்றைப் பொருத்திப் பார்க்கும் பொறுப்பு, சிகிச்சை தரும் மருத்துவரின் தலையில் விழுந்தது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி இதை நேரடியாகக் கையிலெடுத்து, குருதிப் புற்றுநோய் நோயறிதலைச் சிறப்பு ஆய்வகங்களில் ஒருங்கிணைக்கச் சொன்னது. 2016-இல் வந்த அடுத்த வழிகாட்டி, எல்லாச் சோதனைகளையும் உள்ளடக்கிய ஒரே ஒருங்கிணைந்த அறிக்கையை வலியுறுத்தியது.

ஒரு மாதிரி போகும் வழிகள்

இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி உறிஞ்சும் மஜ்ஜையின் முதல் சில துளிகள் கண்ணாடித் தகட்டில் பூசப்பட்டுச் சாயமேற்றப்படும். அடுத்து வருவது ஈடிடிஏ குழாயில், செல்லின் புரத அடையாளத்தைப் பார்க்கும் ஃபுளோ சைட்டோமெட்ரிக்கும் மூலக்கூறு மரபியலுக்கும், ஹெப்பாரின் குழாயில் குரோமோசோம் ஆய்வுக்கும் போகும். குச்சிபோல் எடுக்கும் டிரெஃபைன் எலும்புத் துண்டு ஃபார்மலினில் இறங்கும். ஃபுளோ முடிவு பெரும்பாலும் அன்றோ மறுநாளோ கிடைக்கும். டிரெஃபைனில் சுண்ணாம்புச் சத்தை நீக்கியாக வேண்டும் என்பதால் அதற்குச் சில நாட்களாகும். குரோமோசோம்களை ஆயும் கேரியோடைப்புக்கு ஒரு வாரம் அல்லது அதற்கு மேல். பல மரபணுக்களை ஒருசேரப் படிக்கும் என்ஜிஎஸ் சோதனைக்கு இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகலாம்.

எனவே அறிக்கை ஒரே நாளில் பிறப்பதில்லை, படிப்படியாக வளர்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் யார், எந்தச் சான்றுகளை வைத்து, என்ன சொன்னார் என்பதை மென்பொருள் அழியாமல் வைத்திருக்க வேண்டும். தீவிர புரோமைலோசைட்டிக் லுகேமியாவில் இது உயிர்காக்கும் பொறுப்பே. இரத்தப்போக்கால் சில நாட்களில் உயிர் போகக்கூடிய நோய் அது. மரபணு முடிவு வரும்வரை காத்திராமல், தோற்றத்தை வைத்து ஐயம் எழுந்தவுடன் டிரெட்டினாயின் மருந்தைத் தொடங்குவதே நடைமுறை. அந்த ஐயத்தை 'முடிவு நிலுவையில்' என்ற வரிசைக்குள் புதைத்துவிடும் திரை, எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆபத்தானது.

'இல்லை' என்பதன் வகைகள்

இந்த மென்பொருள்களின் தரத்தை மதிப்பிட ஒரு சுலபமான வழி, மரபணு மாற்றம் காணப்படவில்லை என்பதை அவை எப்படிப் பதிகின்றன என்று பார்ப்பது. சோதனை செய்யவே இல்லை, செய்தும் மாதிரி போதாமல் தோற்றது, சரியாகச் செய்தும் மாற்றம் இல்லை என்ற மூன்றும் மூன்று வேறு செய்திகள். வெற்றுக் கட்டம் ஒன்றில் மூன்றையும் அடைத்துவிட்டால், படிக்கிறவர் பெரும்பாலும் மூன்றாவதாகவே எடுத்துக்கொள்வார். டிரெஃபைன் துண்டை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பு நீக்கியிருந்தால் அதிலுள்ள டிஎன்ஏ சிதைந்திருக்கும். ஈடிடிஏ கொண்டு நீக்கியிருந்தால் அந்தச் சிதைவு மிகக் குறைவு. அமிலம் பட்ட துண்டிலிருந்து வரும் 'இல்லை'யை நம்ப முடியாது. ஆகவே எந்த முறையில் சுண்ணாம்பு நீக்கப்பட்டது என்ற, கணினிக்காரர்களுக்குக் கேட்கத் தோன்றாத ஒரு தகவலும் முடிவின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

முரண்களைக் காட்டுதல்

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். தகட்டில் எண்ணியபோது பிளாஸ்ட் எனும் முதிராத செல்கள் 8 சதவீதம். ஃபுளோவில் 4 சதவீதம். இரண்டும் பிழையில்லாமல் இருக்கலாம். முதல் உறிஞ்சல் தகட்டுக்குப் போய்விட்டதால், பின்னால் எடுத்த குழாயில் சுற்றோட்ட இரத்தம் கலந்து எண்ணிக்கை குறைந்திருக்கும். நல்ல மென்பொருள் இரண்டுக்கும் சராசரி போடாது. இரண்டையும் அருகருகே வைத்து, எந்தக் குழாய், எத்தனையாவது உறிஞ்சல் என்ற விவரத்தையும் சேர்த்துக் காட்டும்.

மூன்று வாரம் கழித்து என்பிஎம்1 மரபணுவில் மாற்றம் இருப்பதாக முடிவு வருகிறது. 2022-இல் வந்த உலக சுகாதார நிறுவன ஐந்தாம் பதிப்பின்படி, பிளாஸ்ட் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் இது தீவிர மைலாய்டு லுகேமியா. அதே ஆண்டு வந்த சர்வதேச ஒருமித்த வகைப்பாடோ குறைந்தது 10 சதவீதம் கேட்கிறது. 8 சதவீதத்துக்கு அங்கே மைலோடிஸ்பிளாசியா என்ற பெயர்தான். ஒரே மாதிரி, ஒரே சான்று, இரண்டு நோய்ப்பெயர்கள், சிகிச்சையிலும் வேறுபாடு வரலாம். எந்த வகைப்பாட்டின் எந்தப் பதிப்பைக் கொண்டு பெயரிட்டோம் என்பதை அறிக்கையோடு சேர்த்துப் பதியாத மென்பொருளில், ஐந்தாண்டு கழித்துத் தேடுகிறவர் இரண்டு நோய்களையும் ஒன்றாக எண்ணிவிடுவார்.

லீட்ஸ் அனுபவம்

இத்துறையில் முன்னோடியாகச் சொல்ல வேண்டியது, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1993-இல் தொடங்கப்பட்ட எச்எம்டிஎஸ் ஆய்வகம். தோற்றம், ஃபுளோ, திசுவியல், மூலக்கூறு மரபியல் எல்லாம் அங்கே ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. எச்ஐஎல்ஐஎஸ் என்ற தனி மென்பொருளையும் அது தனக்கென்றே உருவாக்கிக்கொண்டது. கடையில் கிடைத்ததை வாங்கி வளைக்காமல், ஆய்வகத்தின் வேலைமுறையைப் பார்த்து எழுதியதுதான் அதன் பலம் என்று சொல்லத் தோன்றுகிறது.

அதன் பயன் நோயாளியின் அறிக்கையோடு நிற்கவில்லை. யார்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2004-இல் எச்எம்ஆர்என் என்ற ஆய்வு வலையமைப்பு தொடங்கப்பட்டது. 14 மருத்துவமனைகள் அடங்கிய, ஏறத்தாழ 40 லட்சம் மக்கள் வாழும் பகுதி அது. அங்கே கண்டறியப்படும் குருதிப் புற்றுநோய்கள் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் பெயரிடப்பட்டுக் குறியிடப்பட்டதால், எந்த வகை எத்தனை பேருக்கு வருகிறது, எத்தனை பேர் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்று நுணுக்கமாகச் சொல்ல முடிந்தது.

குறியீடுகளும் கோப்புகளும்

ஃபுளோ கருவிகளின் தரவுக்கு 1984 முதல் எஃப்சிஎஸ் என்ற பொதுக் கோப்பு வடிவம் இருக்கிறது. குரோமோசோம் முடிவுகள் ஐஎஸ்சிஎன் முறையிலும், மரபணு மாற்றங்கள் எச்ஜிவிஎஸ் முறையிலும் எழுதப்படுகின்றன. எல்லாம் ஒழுங்குபட்டதுபோல் தோன்றினாலும் நடைமுறை வேறு. இணைவு மரபணுக்களின் இரு பெயர்களுக்கு நடுவே சிலர் சிறுகோடு இடுவர், சிலர் சாய்கோடு இடுவர். 2021-இல் மரபணுப் பெயரிடும் குழு இரட்டை முக்காற்புள்ளியைப் பரிந்துரைத்தது. ஒரே பிசிஆர்-ஏபிஎல்1 இணைவு பழைய ஏட்டில் மூன்று விதமாகக் கிடக்கும்போது, எழுத்தை மட்டும் பொருத்தித் தேடினால் மூன்றில் ஒன்றுதான் அகப்படும். பின்னணியில் ஒரே அடையாள எண் இருந்தாக வேண்டும்.

இயந்திரக் கற்றல்

மஜ்ஜைச் செல்களைக் கணினியே இனம்பிரிப்பதில் முன்னேற்றம் இருக்கிறது. 2021-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு, 945 நோயாளிகளின் 1,70,000-க்கு மேற்பட்ட செல் படங்களைக் கொண்டு நரம்பு வலையமைப்பைப் பயிற்றுவித்தது. இரத்தப் பூச்சுப் படங்களை முன்கூட்டி வகைபிரித்துத் தரும் கருவிகளோ பல ஆய்வகங்களில் ஏற்கெனவே அன்றாடப் பயன்பாட்டில் உள்ளன. அவற்றின் வகைபிரிப்பைத் தகுதி பெற்ற ஒருவர் பார்த்து உறுதிசெய்கிறார். கணினி சொன்னதையும் நிபுணர் திருத்தியதையும் தனித்தனியே சேமிப்பது முக்கியம். திருத்தம் மூலத்தை அழித்துவிட்டால் இயந்திரம் எங்கே தவறுகிறது என்பது பிறகு யாருக்கும் தெரியாது.

வரம்புகள்

இத்தகைய மென்பொருளின் பலவீனம் பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கிறது. வெளி ஆய்வகங்களுக்கு அனுப்பிய மரபணுச் சோதனைகள் பல இடங்களில் பிடிஎஃப் ஆகவே திரும்பி வருகின்றன. அதைப் பார்த்து யாரோ ஒருவர் மரபணுப் பெயரையும் மாற்றம் காணப்பட்ட சதவீதத்தையும் தட்டச்சு செய்கிறார். 4.5 என்பது 45 ஆனால், செல்களின் சிறிய துணைக் குழுவில் மட்டும் இருந்த மாற்றம், பிறவியிலேயே வந்து குடும்பத்தாருக்கும் இருக்கக்கூடிய மாற்றமோ என்ற ஐயத்தைக் கிளப்பும். உடன்பிறந்தவரைத் தண்டுசெல் கொடையாளராகச் சேர்ப்பதா என்ற கேள்விவரை அது போகும். முடிவுகள் நேரடித் தரவாக வரும் ஏற்பாடு இல்லாத ஆய்வகத்தில், மூலப் பிடிஎஃப்-ஐ முடிவின் பக்கத்திலேயே திறக்கும்படி வைப்பதும், பதிந்தவர் அல்லாத இன்னொருவர் அதைச் சரிபார்த்த பின்பே நிபுணரின் பார்வைக்கு விடுவதும் கட்டாயம்.